வாயில்லாச் சீவனுக்கு வாயளித்த அம்மையார்

ஆங்கிலங் கற்கப் புகும் நம் மாணவர்க்கு ‘பிளாக் பியூட்டி’ என்னும் குதிரைக் கதை புதியதன்று. முழு நூலாக அன்றாயினும் சுருக்கப் பதிப்பாகவேனும் அதனைப் பள்ளிப் பருவத்திற் படித்தோர் நம்மிடையே பலர் உளர். படித்தோருட் பெரும்பாலோர் அதனைச் சிறுவர் கதை என்றே மனத்திற் கொண்டுள்ளனர். அதனை இயற்றிய அன்னா சூவெல் அம்மையாரோ சிறுவரை நோக்கி அதனை எழுதினாரல்லர். குதிரையைப் பூட்டுவோரும் ஓட்டுவோரும் இலாயங் காப்போரும் படித்துப் பயன்பெறுதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. தம் வாழ்நாளில் அவர் எழுதி வெளியிட்ட நூல் அஃது ஒன்றே. அந்நூல் வெளிவந்து ஐந்து மாத அளவில் அவர் உயிர் நீங்கிற்று.

மனிதன் நோயுற்றானாயின் தலை இடிக்கின்றது, வயிறு வலிக்கின்றது என வாய்விட்டு உரைப்பான். மருத்துவன் நாடியைத் தொடுமுன்னரே நோயின் பாதி வெளியாகிவிடும். குதிரைக்கும் நாய்க்கும் பூனைக்கும் அவ்வாய்ப்பு இல்லை. அவற்றின் நோவை அவற்றோடு பழகும் மனிதனே கண்டுகொள்ளல் வேண்டும். வள்ளுவனாரும் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிதலை முன்வைத்தே மருத்துவஞ் செய்தலைக் கூறினார். வாயில்லாச் சீவனிடத்து இந்த அறிதலே மருத்துவத்தின் அரிய பாகமாகும். அதனை உலகுக்குக் கற்பித்த பெருமை மருத்துவக் கல்லூரியின் வாயிலையே மிதித்தறியாத ஒரு நோயாளிப் பெண்மணியைச் சார்ந்தது. அவருடைய வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் கிழக்குப் பாகத்திலே நோர்போக் என்னும் பகுதி உளது. அங்குள்ள கிரேட் யாமத் என்னும் கடற்கரைப் பட்டினத்திலே 1820ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆந் திகதி அன்னா பிறந்தார். தந்தையார் பெயர் ஐசாக் சூவெல். தாயார் பெயர் மேரி. இருவரும் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினைச் சார்ந்தவர்கள். ஆடம்பரமின்மையும் போர் விலக்கலும் பிறர்க்குத் தொண்டு செய்தலும் அப்பிரிவினர் போற்றிய ஒழுக்கங்கள். அன்னாவுக்கு இரண்டாண்டு இளையவராக பிலிப் என்னும் தம்பியார் ஒருவர் இருந்தார். மக்கட்பேறு இவ்விருவரே.

தந்தையார் செய்த வணிகம் நட்டத்தில் முடிந்தது. குடும்பம் ஊரைவிட்டு இலண்டனுக்கு அண்மையிற் குடியேறிற்று. கையிற் பொருள் குறைவாக இருந்தமையின் பிள்ளைகளுக்குத் தாயாரே ஆசிரியராயினார். எழுத்தும் எண்ணும் மாத்திரமன்றிப் புழு பூச்சி, பறவை, செடி கொடி ஆகியவற்றை உற்றுநோக்கும் பழக்கத்தையும் அவர் ஊட்டினார். எவ்வுயிரையும் துன்புறுத்துதல் பெரும் பாவம் என்னும் எண்ணம் அவ்வீட்டிலே பாலோடு கலந்து புகட்டப்பட்டது. விடுமுறைக் காலங்களில் அன்னா நோர்போக்கிலுள்ள பக்ஸ்டன் என்னும் ஊருக்குச் செல்வதுண்டு. அங்கே தாய்வழி உறவினருடைய பண்ணையிலே குதிரையேற்றம் பயின்றார். குதிரையோடு அவர் கொண்ட நட்பு அங்கே தொடங்கிற்று.

கால் முடங்கிய கதை

அன்னாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1832ஆம் ஆண்டளவில், குடும்பம் ஸ்ரோக் நியூயிங்டன் என்னும் இடத்திற்குச் சென்றது. அங்கேதான் அவர் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் புகுந்தார். இரண்டாண்டு கழிந்தது. ஒருநாள் பள்ளி விட்டு வரும் வழியிலே பெருமழை பிடித்துக்கொண்டது. வீட்டை நோக்கி விரைந்தோடிய சிறுமி வழுக்கி வீழ்ந்தாள். இரு கணுக்கால்களும் பழுதுற்றன.

சிறு பிசகு என முதலிற் கருதப்பட்ட அக்காயம் வாழ்நாள் முழுதும் ஆறவில்லை. அக்காலத்து வைத்தியம் அதனை ஆற்றுதற்கு மாறாக மேலும் கெடுத்தது என்பதே அவர் வரலாறு எழுதியோர் பலருடைய கருத்து. ஊன்றுகோலின்றி நிற்றல் இயலாதாயிற்று. சிறிது தூரம் நடப்பினும் பெருந்துன்பம் உண்டாயிற்று. சில காலம் நோவு தணியும், நடமாட்டமும் கூடும். மீண்டும் ஒரு காலம் வந்து படுக்கையிற் கிடத்திவிடும். இவ்வாறு பதினான்கு வயதிலே தொடங்கிய வேதனை ஐம்பத்தெட்டாம் வயது வரையும் அவரை விட்டகலவில்லை.

1836ஆம் ஆண்டிலே, கடற்காற்று மகளுக்கு நலந்தரும் என எண்ணித் தந்தையார் பிரைற்றன் நகரத்திலே தொழில் பெற்றுச் சென்றார். பின்னர், 1845இல், இலான்சிங் என்னும் கிராமத்துக்குப் போயினர். ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளிலுள்ள மருத்துவ நீரூற்றுக்களிலே நீராடி நோய் தீர்த்துக்கொள்ளவும் அன்னா முயன்றார். ஓரளவு குணங் கண்டதுமுண்டு. ஆயினும் அது நிலைக்கவில்லை. குவேக்கர் சபையினின்றும் அன்னாவும் தாயாரும் இக்காலப் பகுதியிலே விலகியபோதிலும் அச்சபையில் ஊறிய எளிமையும் இரக்கமும் அவர்களைவிட்டு விலகவில்லை.

கடிவாளத்தினூடே ஒரு நட்பு

நடக்க மாட்டாத பெண்ணுக்குக் குதிரையே காலாயிற்று. சிறு குதிரை பூட்டிய வண்டியிலே தந்தையாரைப் புகைவண்டி நிலையத்திற்கு ஏற்றிச் செல்லுதலும் மாலையிலே திரும்ப அழைத்து வருதலும் அன்னாவின் வேலையாக இருந்தன. அவர் வண்டியோட்டும் முறை பிறர் முறையினின்றும் வேறுபட்டதென அறிந்தோர் கூறினர். கடிவாள வாரை இறுகப் பிடித்தலில்லை; சவுக்கை ஓங்குதலில்லை. பக்கத்திலிருக்கும் தோழியோடு பேசுமாறு போலக் குதிரையோடு பேசிக்கொண்டே செல்வாராம். குதிரையும் அக்குரலுக்குச் செவி சாய்த்து நடக்குமாம்.

நோவு என்பது யாது என்று தம் உடம்பிலே கற்றவர் அவர். ஏற்றத்தில் ஒரு அடி எடுத்து வைத்தற்கு எவ்வளவு வருத்தம் என்பதும், நோவுள்ள காலை மறைத்து நடக்கும்போது உடம்பு எவ்வாறு சாயும் என்பதும், வேதனை மிகும்போது நல்லியல்பும் எவ்வாறு கடுகடுப்பாகும் என்பதும் அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நாள்தோறும் குதிரையின் முதுகையும் செவியையும் நடையையும் கண்முன்னே கண்டுகொண்டிருந்த அவருக்கு அவ்விலங்கு கூறமாட்டாததெல்லாம் மெல்ல மெல்ல விளங்கலாயிற்று.

பின்னர் விக் என்னும் சிற்றூரிலே வாழ்ந்த காலத்தில் அன்னாவும் தாயாரும் உழைப்பாளிகளுக்காக மாலை வகுப்புக்கள் நடாத்தினர். பகலெல்லாம் பாடுபட்ட தொழிலாளர் இரவிலே வந்து எழுத்துக் கற்றனர். கல்லாதாருக்கு விளங்கும்படி எளிய சொல்லால் அரிய பொருளை உணர்த்தும் ஆற்றல் அன்னாவுக்கு இங்கே கைவந்தது. தாயார் மேரியோ அறுபது வயதளவிலே எளிய கதைப்பாட்டுக்கள் எழுதத் தொடங்கிப் பெரும்புகழ் எய்தினார். 1860இல் வெளிவந்த அவருடைய பாட்டு நூலொன்று பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விலைபோயிற்று. அப்பாட்டுக்களை முதலிற் கேட்டுக் குறை கூறித் திருத்துபவர் மகளாரே. பிறர் நூலுக்குச் செப்பம் செய்து பழகிய அக்கை தன் நூலை எழுதுதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

அக்காலத்துக் குதிரையின் நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே குதிரையின்றி எக்கருமமும் நடைபெறவில்லை. புகைவண்டி வந்த பின்னருங்கூட நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பொருளையும் ஆளையும் சுமப்பது குதிரையே. செல்வர் வண்டி, வாடகை வண்டி, கரி வண்டி, பால் வண்டி யாவும் அதன் முதுகிலேதான் உருண்டன.

மருத்துவம் இல்லாமலில்லை. பிரான்சு நாட்டு லியோன் நகரிலே முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி 1762இற் கதவு திறந்தது. இலண்டனில் அத்தகைய கல்லூரி 1791இலே தோன்றிற்று. சட்டமும் இல்லாமலில்லை. ரிச்சர்ட் மார்ட்டின் என்பவருடைய முயற்சியினால் 1822இல் ஆடு மாடு குதிரைகளைக் கொடுமை செய்தலைத் தண்டிக்குஞ் சட்டம் பிறந்தது. 1824இலே பிராணிகள் வதைத் தடைச் சங்கம் அமைந்தது. சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டது அடியும் உதையுமேயாம். அலங்காரம் என்றும் பழக்கம் என்றும் பெயர் பூண்டு வந்த வேதனை அதன் கண்ணுக்குத் தப்பிற்று.

அவற்றுள் ஒன்று ஆங்கிலேயர் பெயரிங் ரெயின் என வழங்கிய வார். அதனைத் தலைநிமிர்த்தும் வார் என நாம் கூறலாம். வாயிலுள்ள இரும்பிலிருந்து எழுந்து தலையோரமாகச் சென்று முதுகுச் சேணத்திலே அது கொளுவப்படும். இறுக்க இறுக்கக் குதிரையின் தலை மேல்நோக்கி நிற்கும். செல்வர் வீட்டுக் குதிரைக்கு அது மிடுக்கான தோற்றமாம். பாரத்தை இழுக்கும் எவ்வுயிரும் தலையைத் தாழ்த்தி முன்சாய்ந்தே இழுத்தல் இயல்பு. தலை கட்டுண்ட குதிரை ஏற்றத்திலே தன் உடற்பாரத்தைப் பயன்படுத்தமாட்டாது முதுகாலும் காலாலுமே இழுக்கின்றது. மூச்சுக்குழல் வளைகின்றது, வாய் புண்ணாகின்றது, கழுத்தும் முதுகும் கடுக்கின்றன. வாயிற் கக்கும் நுரையைக் கண்டு, என்ன வீரம் என வியப்பர் வழியிற் செல்வோர். அது வேதனையின் அறிகுறி என்று அறிந்தோர் சிலரே. அச்சிலருள் எட்வேட் போடம் பிளவர் என்பவர் 1875இல் இதனைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். கற்றோர் அதனைப் படித்தனர். வண்டிக்காரன் கையை அஃது எட்டவில்லை.

படுக்கையிற் பிறந்த நூல்

தம்பியார் பிலிப்பின் மனைவி 1866இல் ஏழு குழந்தைகளை விட்டிறந்தார். அக்குடும்பத்துக்குத் துணையாக அன்னாவும் பெற்றோரும் 1867இலே நோரிச் நகரத்தை அடுத்த ஓல்ட் கற்றன் என்னும் ஊரிலே வந்து குடியேறினர். அங்கேதான், 1871ஆம் ஆண்டிலே, குதிரையின் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். தம்பியார் வீட்டிலிருந்த பெஸ் என்னும் குதிரையே கதைக்கு முன்மாதிரி என்பர்.

அப்போது அன்னாவுக்கு வீட்டைவிட்டு வெளிச்செல்லும் வலியும் இல்லை. சாய்மணையே உலகம். வலிமை சிறிது கூடிய நாளிலே துண்டுக் காகிதத்திற் பென்சிலால் இரண்டொரு வரி எழுதுவார். அதுவும் மாட்டாத நாளிலே வாயாற் சொல்வார். எழுபது வயதைக் கடந்த தாயார் அருகிலிருந்து அவற்றை வாங்கிப் படியெடுத்து வைப்பார். மாதக்கணக்காக ஓரெழுத்தும் எழுதாது கழிந்ததுமுண்டு. இவ்வாறு ஆறாண்டு சென்றது. குதிரைகளிடத்து அன்பையும் அவற்றை விளங்கிக்கொண்டு நடத்தும் அறிவையும் மக்களிடத்தே தூண்டுதலே நூலின் நோக்கம் எனத் தம் நாட்குறிப்பிலே அவர் பொறித்துவைத்தார். அன்போடு அறிவையும் சேர்த்துக் கூறிய இவ்விடம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

நூலின் தலைப்புப் பக்கத்திலே ஒரு விநோதம் உண்டு. குதிரை தன் வரலாற்றைத் தன் பாஷையிலே கூறியதாகவும், அன்னா சூவெல் அதனை மொழிபெயர்த்ததாகவும் அங்கே அச்சிடப்பட்டுள்ளது. நம் மனுநீதிச் சோழன் வரலாற்றிலே கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்துத் தன் வழக்கைச் சொல்லிற்று. அன்னா அம்மையாரும் தம்மை ஒரு மணியாகவே கருதிக்கொண்டார் போலும்.

நூலிற் காணும் நோயும் மருந்தும்

நாற்பத்தொன்பது சிற்றதிகாரங்களைக் கொண்ட இந்நூலைக் குதிரை வைத்தியத்தின் ஏடு எனினும் பொருந்தும். கறுப்பழகன் என்னும் அக்குதிரை நல்லார் கையிலும் பொல்லார் கையிலும் மாறி மாறி விழுகின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு நோயையோ ஒரு மருந்தையோ நாம் கற்கின்றோம்.

எசமானியம்மாள் நோயுற்ற இரவிலே கறுப்பழகன் எட்டு மைல் தூரம் பாய்ந்தோடி வைத்தியரை அழைத்து வருகின்றது. வந்த குதிரையை ஏற்பவன் ஜோ கிறீன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன். நல்ல பிள்ளை, அன்புள்ளவன், தன்னாலியன்றதைச் செய்கின்றான். கால்களையும் மார்பையும் தேய்த்துவிடுகின்றான். உடம்பு கொதிக்கின்றதே எனக் கருதிப் போர்வை இடாது விடுகின்றான். வாளி நிறையத் தண்ணீரைக் குளிர்ந்தபடியே குடிக்கக் கொடுக்கின்றான். சிறிது நேரத்தில் நடுக்கம் பிடிக்கின்றது. விடியுமுன் நுரையீரல் அழற்சியுற்று ஒவ்வொரு மூச்சும் வேதனையாகின்றது. பழைய இலாயக்காரன் ஜோன் வந்து கதகதப்பான துணிகளால் போர்த்தி, சூடான கஞ்சி வார்க்கின்றான். மிருக வைத்தியர் நாள்தோறும் வருகின்றார். அக்காலத்து வழக்கப்படி இரத்தம் வாங்குதலும் நிகழ்கின்றது. இக்கால மருத்துவம் கைவிட்டுவிட்ட அம்முறையால் குதிரை மயங்கிச் சோர்ந்ததை அம்மையார் ஒளிக்காது எழுதிவைத்தார். காய்ச்சலிலே செவி கூர்மையடைந்து சிறு ஓசையும் பேரொலியாகத் துன்புறுத்துகின்றது என்று கண்டு, அடுத்த கொட்டிலிலுள்ள சிறு குதிரையை வேறிடத்துக்கு மாற்றுகின்றனர். நோயறையிலே நெடுநாட் கிடந்தவர்க்கே இந்நுட்பம் தோன்றும்.

சிறுவன் கெடுதி நினைத்தானல்லன், அறியாமையாலேயே செய்தான் எனத் தந்தை பரிந்து பேசுகின்றான். ஜோனோ அறியாமையைத் தீமைக்கு அடுத்த பெருங்குற்றமாகக் கொண்டு சினக்கின்றான். நூலின் உயிர்நிலை இவ்விடம் என்பது என் துணிபு. அன்பு மாத்திரம் போதாது. அன்புக்குக் கண் வேண்டும்.

மற்றோரிடத்தில் வாடகைக் குதிரையாகிய கறுப்பழகனை ஒருவன் ஓட்டிச் செல்கின்றான். சரளை பரப்பிய தெருவிலே இலாடத்துக்கும் குளம்பின் மெல்லிய பாகத்துக்கும் இடையே கூரிய கல்லொன்று புகுந்துகொள்கின்றது. குதிரை நொண்டுகின்றது. ஓட்டுபவன் இறங்கிப் பார்த்தானல்லன். நொண்டிக் குதிரையைத் தந்துவிட்டார்களே என்று குறைகூறிக்கொண்டு வாரைச் சுண்டுகின்றான். எதிரே வந்த உழவன் ஒருவன் தன் குதிரையை நிறுத்திக் குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கல்லைப் பெயர்த்தெடுக்கின்றான். இருவருக்கும் கண் இரண்டே.

இன்னொரு வேலைக்காரன் வெளியே குதிரையைப் பளபளப்பாக வைத்திருந்து, கொட்டிலிலே ஈரவைக்கோலை நாள்கணக்கில் அகற்றாது விடுகின்றான். அதிலிருந்து எழும் ஆவி கண்ணை எரிக்கின்றது. குளம்பின் அடி அழுகுகின்றது. குதிரை இடறுகின்றது. சொந்தக்காரர் இலாடம் அடிப்பவனிடங் காட்டுகின்றார். குளம்பைக் கழுவி, மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து அடைத்தலும், கொட்டிலை நாள்தோறும் துப்புரவு செய்தலும், தானியத்தைக் குறைத்துத் தவிட்டுக் கூழும் பசும்புல்லும் கொடுத்தலும் அவன் கூறும் பரிகாரம். நோயின் காரணத்தை நீக்காது மருந்திடுதல் வீண் என்பதை இதனினும் எளிதாகக் கூறுதல் அரிது. வீட்டு நாயையும் நூல் மறக்கவில்லை. அழகுக்கெனக் குட்டிகளின் செவியையும் வாலையும் வெட்டும் வழக்கத்தை ஒரு கிழட்டுக் குதிரையின் வாயிலாகக் கண்டிக்கின்றார்.

எல்லாவற்றினும் நெஞ்சை உருக்குவது ஜிஞ்சர் என்னும் பெண்குதிரையின் கதை. கடிக்கும், உதைக்கும் என்று அது பெயரெடுத்திருந்தது. முரட்டுக் கையால் அடக்கப்பட்டு, கூரிய இரும்பும் இறுகிய வாரும் வாயைப் புண்ணாக்கியபோது அது எதிர்த்தது. துர்க்குணம் என்று உலகம் கூறியது அதன் நோவின் குரலே. நல்ல இலாயத்திலே அன்பும் ஓய்வும் கிடைத்தவுடன் அக்குணம் படிப்படியாகத் தேய்கின்றது. பின்னர் வேறிடஞ் சென்று, வேட்டையிலே மிகையாக ஓட்டப்பட்டு மூச்சுக் கெடுகின்றது. விலை இறங்க இறங்கக் கை மாறி, இலண்டன் வாடகை வண்டியிலே எலும்புந் தோலுமாய் இருமிக்கொண்டு நிற்கும் ஜிஞ்சரைக் கறுப்பழகன் காண்கின்றது. அப்போது அது எதிர்க்கவும் இல்லை. எதிர்ப்பது வீண் என்று கற்றுவிட்டது. உதைக்குங் குதிரையினும் எதனையும் பொறுத்து வாளாவிருக்கும் குதிரையே பெருநோயாளி என்பதை அவ்வொரு காட்சி உணர்த்திவிடுகின்றது.

வண்டிக்காரரையெல்லாம் அரக்கராக அம்மையார் தீட்டவில்லை. ஜெரி பார்க்கர் என்னும் ஏழை வண்டிக்காரன் தன் குதிரைக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்து, சேணம் உரைஞ்சிய இடத்தைத் தொட்டுப் பார்த்துப் பேணுகின்றான். செல்வர் சிலர் சீட்டாடி முடியும்வரை குளிரிலே குதிரையும் அவனும் காத்து நிற்கின்றனர். அதனால் நெஞ்சுநோய் கண்டு தொழிலையே அவன் இழக்கின்றான். மனிதனை வருத்தும் கொடுமையும் குதிரையை வருத்தும் கொடுமையும் ஓரூற்றிலிருந்தே வருகின்றன என்பது அவர் கண்ட உண்மை.

முடிவிலே, தளர்ந்து விழுந்து ஏலத்தில் விற்கப்பட்ட கறுப்பழகனை ஓர் உழவரும் பேரனும் வாங்கித் தேற்றுகின்றனர். அது சென்று சேரும் இறுதி இலாயத்திலே குதிரைக்காரனாக இருப்பவன் பழைய ஜோ கிறீன். நெற்றியிலுள்ள வெள்ளைச் சுட்டியையும் வெள்ளைக் காலையும் கண்டு அடையாளங் கொள்கின்றான். அறியாமையால் முன்னொருநாள் கொல்லப் பார்த்த கை, கற்றறிந்த பின் காக்கும் கையாகின்றது.

வெளியீடும் மறைவும்

நோரிச் நகரத்து ஜரல்ட் பதிப்பகத்தார் நூலை 1877ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்டனர். ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரேமுறையிற் கொடுத்த சிறுதொகையே. 40 பவுண் எனக் கூறுவர். நூல் நன்கு விற்பனையாகின்றது என்ற செய்தி காதில் விழும் அளவிற்கே அம்மையார் உயிரோடிருந்தார். 1878ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆந் திகதி அவர் காலமானார். பக்ஸ்டனை அடுத்த லாமாஸ் என்னும் ஊரிலே குவேக்கர் இடுகாட்டில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. பிரேத வண்டியிற் பூட்டியிருந்த குதிரைகளுக்குத் தலைநிமிர்த்தும் வார் இடப்பட்டிருந்ததைத் தாயார் கண்டு, அவற்றைக் கழற்றுவித்த பின்னரே வண்டியைச் செல்லவிட்டார் என ஒரு செய்தி வழங்குகின்றது. மகளை இழந்த எண்பது வயது மூதாட்டியின் அச்செயலினும் சிறந்த இரங்கலுரை வேறில்லை. அத்தாயார் 1884 வரை வாழ்ந்தார்.

நூலின் பயணம் அதன்பின்னரே தொடங்கிற்று. அமெரிக்காவிலே மாசசூசெற்ஸ் பிராணிகள் வதைத் தடைச் சங்கத்தை 1868இல் நிறுவிய ஜோர்ஜ் ஏஞ்சல் என்பவர் 1890இலே இந்நூலைப் பதிப்பித்தார். அவர் உரிமையாளரிடம் இசைவு பெற்றிலர் என்பது குறைதான். ஆயினும் இலட்சக்கணக்கான பிரதிகள் வண்டிக்காரர்க்கும் இலாயக்காரர்க்கும் சென்றன. அம்மையார் எண்ணிய வாசகரை நூல் கடல் கடந்து சென்று கண்டுகொண்டது. நாளடைவிலே தலைநிமிர்த்தும் வார் வண்டிக் குதிரையினின்றும் மறைந்தது. மோட்டார் வந்து குதிரையையே தெருவினின்றும் அகற்றியதும் அதற்கு ஒரு காரணமாகும். ஆயினும் மோட்டார் வருமுன்னரே அவ்வழக்கை நாணத்தக்கதாக்கியது இந்நூல் என்பதை மறுத்தல் இயலாது. 1917இல் அம்மையாரின் மருமகளாகிய அடா சூவெல், நோரிச் நகரிலே அவர் நினைவாக ஒரு தண்ணீர்த் தொட்டியை அமைப்பித்தார். வழிச்செல்லும் குதிரைகள் நீர் அருந்துதற்கான தொட்டி அது.

பிற்கால ஆராய்ச்சி காட்டியது

அம்மையார் கண்ணாற் கண்டதனை நம் காலத்து ஆராய்ச்சியாளர் அளவுகோலால் அளந்துள்ளனர். 2014ஆம் ஆண்டிலே ஐரோப்பிய அறிஞர் சிலர் குதிரையின் முகத்திலிருந்தே நோவை அறிதற்கு ஒரு முறை வகுத்தனர். செவிகள் விறைத்துப் பின்னோக்குதல், கண்ணிமை இறுகிச் சுருங்குதல், கண்ணுக்கு மேலுள்ள பகுதி இறுகுதல், தாடைத் தசை புடைத்தல், வாய் இறுகி மோவாய் துருத்தல், மூக்குத்துளை இறுகுதல் ஆகிய ஆறும் அவர் கொண்ட குறிகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டினால் வேதனையின் அளவு புலனாகும். பூனைக்கும் இத்தகைய முறையொன்று 2019இல் வெளியாயிற்று. வேட்டையாடப்படும் விலங்கு தன் பலவீனத்தை மறைக்கும் இயல்புடையது. ஆதலின் ஓலமிடாமையை நோவின்மை எனக் கொள்ளல் பிழை என்பது மிருக வைத்தியர் யாவர்க்கும் உடன்பாடு. சாதுவான பிராணி திடீரென முரடாகுமாயின் தண்டிக்குமுன் நோயைத் தேடுக என அவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஜிஞ்சரின் கதையும் இதனையே கூறிற்று.

முடிவுரை

அன்னா சூவெல் அம்மையார் மருந்தொன்றும் கண்டுபிடித்தாரல்லர், சட்டமொன்றும் இயற்றினாரல்லர். சாய்மணையிற் கிடந்தபடியே மற்றோருயிரின் நோவைத் தம் நோவுகொண்டு அளந்து, கண்டதை எளிய சொல்லில் எழுதினார். துன்பம் பலரைத் தம்முள்ளே சுருங்கச் செய்கின்றது. அவரையோ அது வெளியே நோக்கச் செய்தது.

இந்நூலை வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர்கள் சொற்பொருளோடும் இலக்கணத்தோடும் நின்றுவிடாது, ஜோ கிறீன் செய்த பிழை யாது என்னும் வினாவையும் மாணவரிடத்தே விடுத்தல் நன்று. விடை கூறும் மாணவன் அன்று மாலை வீடு சென்று, உண்ணாமல் மூலையிலே சுருண்டு கிடக்கும் நாயை ஒருமுறை குனிந்து பார்ப்பானாயின், அம்மையார் ஆறாண்டு பட்ட பாடு இங்கும் பயன் தந்ததாகும்.